கவரில் நின்ற அண்ணன்

குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் பேரருவி வரைக்கும் போவதில்லை. அண்ணன் கடையில் மங்குஸ்தான் எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தால் போதும். தண்ணீர் நன்றாக விழுந்து கூட்டம் இருந்தால் கூடையைக் கவிழ்த்த மாதிரி கொட்டி வைத்திருப்பார். கூட்டம் இல்லாத நாளில் ஒவ்வொரு பழத்தையும் துணியால் துடைத்து, காம்பு மேலே தெரிய, கோபுரம் மாதிரி அடுக்கியிருப்பார். பொழுது போகணுமே.

2019 ஆடியில் ஒரு சாயங்காலம். கோபுரம் அடுக்கி முடித்தாயிற்று. ரம்புட்டான் கூடையின் மேல் செல்போனைச் சாய்த்துவைத்துப் புரோ கபடி பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தலைவாஸ் ஆட்டம். நான் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், தலையில் ஈரத்துண்டோடு, பழம் வாங்க வந்த இடத்தில் நின்று அவரும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எதிரணி ரைடர் உள்ளே வந்து இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டில் கையை நீட்டி விழுந்தான். கடைசியாகப் பாய்ந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தவனைத்தான் கேமரா காட்டியது. மதுரைக்காரர் சொன்னார்: “அந்தக் கவர் பையனைத் தூக்கி வெளிய போட்டாத்தான் இந்த டீம் உருப்படும்.”

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஏழு மங்குஸ்தானை எடுத்தார். பலகையில் வளைத்து வைத்தார். “இது லெஃப்ட் கார்னர். இது இன். இது கவர். இது சென்டர். அந்தப் பக்கமும் அதே மாதிரி மூணு.” எட்டாவதாக ஒரு ரம்புட்டானை ரைடராக நிறுத்தினார். “கவர் ஏன் போனான்னு கேக்கியள்லா? இந்தா, கார்னரு போயிட்டான். இன்னுல நிக்கவன் கைய விட்டுட்டான். இப்ப இவன் என்ன செய்ய? வேடிக்கை பாக்கவா?” கார்னர் மங்குஸ்தானை ரம்புட்டான் பக்கம் உருட்டிவிட்டார். “தப்பு இங்கன, சார். கேமரா அங்கன காட்டுது. அவ்வளவுதான்.”

மதுரைக்காரர் சிரித்துவிட்டு ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவு நேரமும் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது. ஏனென்றால் 2012இல் அந்த உருண்டுபோன மங்குஸ்தான் நான்தான். கவரில் நின்றது அவர்.

கபடி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஏழு பேர் நிற்பார்கள். இரண்டு ஓரத்திலும் பின்னால் தள்ளி நிற்பவர்கள் கார்னர். ரைடர் ஆழமாக உள்ளே வந்து காலை நீட்டும்போது கணுக்காலைப் பிடிப்பது கார்னரின் வேலை. (ஊரில் நாங்கள் அதை ‘ஆங்கிள்’ என்போம். அது ஆங்கிள் இல்லை, ஆங்க்கிள், கணுக்கால் என்று காலேஜ் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.) நடுவுக்குப் பக்கத்தில் நிற்பவர் கவர். அவர் பெரும்பாலும் முதலில் போவதில்லை. கார்னர் காலைப் பிடித்த அந்தக் கணத்தில் இவர் போய் உடம்பால் மோதி அடைக்க வேண்டும், அல்லது ரைடரை வெளியே தள்ள வேண்டும். கார்னர் தனியாகப் பிடித்தால், நல்ல ரைடர் அவனையும் இழுத்துக்கொண்டே கோட்டுக்குப் போய்விடுவான். ஆகவே கவர் என்பது இன்னொருவன் எடுத்த முடிவுக்குப் பின்னால் ஓடுகிற வேலை. அந்த முடிவு சரியா தப்பா என்று யோசிக்க அவனுக்கு நேரம் கிடையாது. சரியாக இருந்தால் காலைப் பிடித்தவனுக்குக் கைதட்டல். தப்பாக இருந்தால் கடைசியாக விழுந்தவனுக்குத் திட்டு.

நம் சினிமாக்காரர்களும் இந்த வேலையைச் சட்டை செய்ததில்லை. ‘கில்லி’யிலும் சரி, ‘வெண்ணிலா கபடி குழு’விலும் சரி, நம் மனதில் நிற்பது மூச்சை அடக்கிப் பாடிப் போகிறவன்தான். எங்கள் பக்கத்து மாவட்டத்து மணத்தி கணேசன் 1995இல் அர்ஜுனா விருது வாங்கியவர். அவர் வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ வந்தபோது ஊரே தியேட்டருக்குப் போனது. வெளியே வந்த பையன்கள் எல்லாரும் தொடையைத் தட்டிக்கொண்டு ரைடராகத்தான் வந்தார்கள். கவர் மாதிரிக் குனிந்து நின்று பார்த்துக்கொண்டே ஒரு பையனும் தியேட்டரை விட்டு வெளியே வரவில்லை.

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அறுப்பு முடிந்த வயலில்தான் பிராக்டிஸ். ரிட்டயர் ஆன பி.டி. வாத்தியார் ஒருவர் விடிகாலையில் டார்ச் லைட்டோடு வந்து நிற்பார். அவரிடம் ஒரு பழைய துண்டு உண்டு. கார்னர் கையையும் பக்கத்தில் நிற்பவன் கையையும் அதால் கட்டிவிடுவார். ஒருத்தன் அவசரப்பட்டுப் பாய்ந்தால் இன்னொருத்தன் மணிக்கட்டு இழுபடும். “வலிக்கா? அவனுக்கும் வலிக்கும்லே. ஞாபகம் வச்சுக்கோ” என்பார். என் கையோடு கட்டப்பட்ட கைகள் பல. அண்ணனுடையதும் அதில் உண்டு. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ரத்த உறவு இல்லை, ஒரே தெரு. நான் டவுசர் போட்ட காலத்திலிருந்து எனக்கு அவர் அண்ணன். என்னைக் கபடிக்குக் கூட்டி வந்ததே அவர்தான்.

எனக்கு ஒரு வியாதி இருந்தது. வாத்தியார் அதற்கு ‘அரிப்பு’ என்று பேர் வைத்திருந்தார். ரைடர் காலைக் காட்டினால் என்னால் சும்மா நிற்க முடியாது. டிவி வர்ணனையில் ‘அட்வான்ஸ் டேக்கிள்’ என்று நாகரிகமாகச் சொல்கிறார்களே, அது. ரைடர் சிக்குவதற்கு முன்னாலேயே பிடிக்கப் போவது. கைகூடினால் கூட்டம் எழுந்து நிற்கும், அதனால் இந்த வியாதி குணமாவதும் இல்லை. புரோ கபடி வரலாற்றில் அதிக டேக்கிள் புள்ளி எடுத்தவர் ஈரானின் ஃபசல் அட்ராச்சலி. அவரும் இடது கார்னர்தான். அவர் பிடிப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். அவர் பிடிக்காமல் நிற்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ரைடர் காலை ஆட்டி ஆட்டிக் காட்டுவான், மனுஷன் மாடு மேய்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அந்த நிதானம் கடைசி வரை வரவில்லை.

2012 மே மாதக் கடைசி. பக்கத்து ஊர்க் கோயில் கொடையை ஒட்டி மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. அறுபத்தைந்து கிலோ எடைப்பிரிவு. எடை பார்க்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்துவிட்டு, பார்த்த உடனே நாலு நாலாகப் பரோட்டா தின்கிற கும்பல் நாங்கள். சவுக்குக் கம்பில் ஃபோகஸ் லைட், அதைச் சுற்றி ஈசல், மேடையில் ஆளுயரச் சுழற்கோப்பை, மைக்கில் விடாமல் பேசுகிற ஒருவர். அன்றைக்கு இரவு சீசனின் முதல் சாரல் விழுந்தது. எங்கள் ஊரில் அது நல்ல சகுனம், ஆடுகளத்துக்கு மட்டும் கெட்ட சகுனம். சுண்ணாம்புக் கோடு கரைந்து கரைந்து போக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் இரண்டு பேர் வந்து போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அண்ணனைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒரு அரசுத் துறை அணிக்கு ஆள் எடுப்பவர். கவருக்கு ஆள் தேவை என்று வாத்தியார் காதுக்குச் செய்தி வந்து, அவர்தான் வரவழைத்திருந்தார். அண்ணனுக்கு அப்போது இருபத்து நாலு. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி என்று அவருடைய அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வாள். எனக்கும் ஒன்று இருந்தது. வாத்தியாருக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம். வாத்தியார் கடிதம் கொடுத்தால் கிடைக்கும். ஃபைனல் முடியட்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஃபைனலில் கடைசி ரைடு. நாங்கள் 27, அவர்கள் 26. களத்தில் நாங்கள் நாலு பேர்: இரண்டு கார்னர், இரண்டு கவர். நாலு பேர் என்றால் போனஸ் கிடையாது, அதற்கு ஆறு பேராவது நிற்க வேண்டும். ஆகவே அவன் யாரையாவது தொட்டே ஆக வேண்டும். நாங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம். பின்னால் போய், அவன் வந்தால் விலகி, முப்பது விநாடி நின்றால் கோப்பை எங்களுக்கு. உலகத்திலேயே சுலபமான வேலை.

அவன் என் பக்கமாக வந்தான். இடது காலை ஊன்றி, வலது காலை என் முன்னால் நீட்டி, எடுத்து, மறுபடி நீட்டினான். நனைந்த மண்ணில் அந்தக் கால் பளபளவென்று தெரிந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவன் ஆழம் தெரிந்துதான் விட்டான், என் ஆழம். பக்கத்திலிருந்து அண்ணன் குரல் கேட்டது. “பொறு.” ஒரே சொல். கேட்டது. கேட்டுக்கொண்டே பாய்ந்தேன்.

என் விரல்கள் அவன் கணுக்காலில் பட்டன. பட்டது என்றால் அவனுக்கு ஒரு புள்ளி, அவன் திரும்பிப் போய்விட்டால். கால் ஈரத்தில் நழுவியது. நான் குப்புறக் கிடந்தேன். அதற்குப் பிறகு நடந்ததைத் தலையைத் திருப்பித்தான் பார்த்தேன். அண்ணன் முழு வேகத்தில் வந்தார், அவனை ஓரக்கோட்டுக்கு வெளியே மோதித் தள்ளிவிட. தள்ளியிருந்தால் நானும் பிழைப்பேன், ஆட்டமும் எங்களுக்கு. அவன் குனிந்து அண்ணனுடைய கைக்கு அடியில் புகுந்தான். அண்ணனுடைய உள்ளங்கை அவன் முதுகில் உரசியது. நடுக்கோடு. இரண்டு புள்ளி. 27–28.

கணக்கைப் பாருங்கள். அண்ணன் வராமல் நின்றிருந்தால் ஒரு புள்ளிதான். 27–27. சமன் ஆனால் இரண்டு அணிக்கும் ஐந்து ஐந்து ரைடு கொடுத்துத் தீர்ப்பார்கள், எங்களிடம் நல்ல ரைடர் இருந்தான். இதை நான் சொல்லவில்லை, ஊரே சொன்னது. அன்றைக்கு இரவே டீக்கடையில் சொன்னார்கள், மறுநாள் சொன்னார்கள், வருஷக்கணக்காகச் சொன்னார்கள்: “அவன் போவாம நின்னிருந்தா டையாவது ஆயிருக்கும்லா.” இந்த வாதத்தில் ஓட்டையே கிடையாது. அதுதான் இதிலுள்ள அநியாயம். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக வரும், விடை மட்டும் தப்பான ஆளைக் காட்டும்.

ஆட்டம் முடிந்ததும் வாத்தியார் எங்களை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். அந்தத் துறைக்காரர் கையில் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றார். “யாருலே மொதல்ல கெளம்புனது?” என்றார் வாத்தியார். கோபமாகக்கூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள், இல்லை, அப்படி எழுதினால் பொய், நான் வாயைத் திறக்கிற உத்தேசத்தில் இல்லை, அண்ணன் சொன்னார்: “நான்தான் சார் பிடின்னு கூப்பிட்டேன். தம்பி எம் பேச்சைக் கேட்டுத்தான் போனான்.”

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

துறைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தகவல் வரவே இல்லை. எனக்குக் கடிதம் கிடைத்தது, இடம் கிடைத்தது. இரண்டாம் வருஷம் முழங்கால் போயிற்று, கபடியும் போயிற்று. டிகிரி மட்டும் மிஞ்சியது. அதை வைத்துத்தான் சென்னையில் வேலை, வாடகை, இந்தக் கட்டுரையை அடித்துக்கொண்டிருக்கிற லேப்டாப் எல்லாம்.

பேசாமல் இருந்தது ஒரு குற்றம் என்றால், இன்னொன்று அதைவிடப் பெரியது. ஹாஸ்டலில் ராத்திரி எல்லாரும் அவரவர் தோற்ற ஆட்டத்தின் கதையைச் சொல்வோம். என்னுடைய முறை வரும்போது நான் இந்த ஃபைனலைச் சொன்னேன். “கடைசில எங்க கவரு கொஞ்சம் அவசரப்பட்டுட்டாப்ல” என்று முடித்தேன். ஒரு தடவை இல்லை. சொல்லச் சொல்ல அது வழுவழுப்பாகி, எனக்கே உண்மை மாதிரித் தோன்ற ஆரம்பித்தது.

2018 ஜனவரியில், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிற என் அறை நண்பன் ஒரு வீடியோ காட்டினான். அவர்கள் ஊர்க் கால்பந்து. கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்கு ஏன் ஃபுட்பால் என்று பேர் என்று நம்மை எரிச்சல்படுத்துமே, அது. தலைக்கவசம் மாட்டிய ஆட்கள் முட்டிக்கொள்வது எனக்குச் சுத்தமாகப் புரியாது. ஆனால் அவன் ஒரே ஒரு விஷயம் சொன்னான். தடுக்கிற அணியில் எல்லாருக்கும் பின்னால், கடைசியாக நிற்பவனுக்கு ‘சேஃப்டி’ என்று பேர். முன்னால் எல்லாரும் கோட்டை விட்டாலும் அவன் விடக்கூடாது. எனக்கு உடனே காது நீண்டது.

அந்த மாதம் 14ஆம் தேதி, மினியாபொலிஸ் நகரம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 24, மினசோட்டா வைகிங்ஸ் 23. ஒரு புள்ளி முன்னிலை. பத்து விநாடி பாக்கி. வைகிங்ஸ் அணியின் கேஸ் கீனம் ஓரக்கோட்டுப் பக்கமாகப் பந்தை வீசுகிறார். ஸ்டீஃபன் டிக்ஸ் எகிறிப் பிடிக்கிறார். அவரைக் களத்துக்குள்ளேயே கட்டிப்பிடித்து விழுத்தினால் நேரம் முடிந்துவிடும். ஆட்டம் செயின்ட்ஸுக்கு. அந்த இடத்தில் இருந்தவர் மார்கஸ் வில்லியம்ஸ். சேஃப்டி. முதல் வருஷ ஆட்டக்காரர், வயது 21. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கணம் முந்திப் பாய்கிறார். டிக்ஸுக்குக் கீழே வெறும் காற்றில் போய், தன் அணிக்காரன் ஒருவனையே இடித்துச் சாய்க்கிறார். டிக்ஸ் கையை ஊன்றி, நிமிர்ந்து, முன்னால் ஒரு ஈ காக்கை இல்லாத புல்வெளியில் ஓடிப்போகிறார். மொத்தம் 61 கெஜம். 29–24.

நண்பன் சிரித்துக்கொண்டே மறுபடி மறுபடி ஓட்டினான். அங்கே அதற்கு ‘மினியாபொலிஸ் அதிசயம்’ என்று பேராம். யாருக்கு அதிசயமோ. நான் நாலாவது தடவை “போதும்டா” என்றேன். குனிந்த தலையோடு பாய்கிற அந்த உடம்பு எனக்குத் தெரிந்த உடம்பு. அது யாருடையது என்பதில்தான் அன்றைக்கு ஒரு தடுமாற்றம். ஹாஸ்டலில் சொல்லிச் சொல்லிப் பழகிய கதைப்படி அது அண்ணன். உண்மையில் நான். ஒன்றும் செய்யாமல் நின்றாலே போதும் என்கிற இடத்தில் அரிப்பெடுத்துப் பாய்ந்தவன் நான்தானே.

வில்லியம்ஸ் அன்றைக்கே நிருபர்களுக்கு முகம் கொடுத்துப் பேசினார். ஓடி ஒளியவில்லை. அதற்குப் பிறகும் அதே அணியில் நாலு சீசன் ஆடி, 2022இல் பால்டிமோர் ரேவன்ஸுக்குப் பெரிய ஒப்பந்தத்தில் போனார். இதையெல்லாம் நான் பிறகு தேடித் தேடிப் படித்தேன். தென்காசிக்காரன் ஒருவன் சென்னையில் உட்கார்ந்து ஒரு அமெரிக்க சேஃப்டியின் சம்பளத்தைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டது, அவருக்குத் தெரியாமலே போகட்டும்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு சீசனுக்கும் அண்ணன் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். எதையாவது சொல்லலாம் என்றுதான். சொன்னதெல்லாம் தலைவாஸைப் பற்றி.

அந்த அணியைப் பற்றிப் பேச விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. 2017இல் உள்ளே வந்தது. முதல் இரண்டு வருஷமும் அதன் பிரிவில் கடைசி. 2019இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லார் என்று கபடி பார்க்காதவனுக்கும் தெரிந்த பேர்கள். பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது இடம். அடுத்த சீசனில் பதினொன்று. 2022இல் மட்டும் அதிசயமாக அரையிறுதி. பெரிய விலைக்கு வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டுப் போன பிறகு சின்னப் பையன்கள் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். அரையிறுதியில் புனேயிடம் 37–39. இரண்டே புள்ளி. அதற்கடுத்த இரண்டு சீசனும் ஒன்பதாவது இடம்.

தமிழ்ப் பையன்களைச் சேர்க்கவில்லை, கோச் சரியில்லை, ஏலத்தில் கோட்டை விட்டார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அண்ணனுடைய புகார் வேறு. பேர் பெற்ற ஆட்களை வரிசையாக நிறுத்திவிட்டால் அது டிஃபென்ஸ் ஆகிவிடாது என்பார். “ஒவ்வொருத்தனும் தனித்தனியா பிடிக்கத் தெரிஞ்சவன். ஒருத்தன் போனா இன்னொருத்தன் வருவான்னு நம்பிக்கை இல்ல. அதான் எல்லாரும் முந்துதான். எல்லாரும் முந்துனா யாருடே பின்னால நிக்க?” 2022 அணி ஏன் ஆடியது என்பதற்கும் இதையே சொல்வார். அவன்கள் புதுசு, தனியாகப் போக பயம், அதனால் சேர்ந்து போனான்கள். நான் வேறு காரணங்களும் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நரேந்தர் மாதிரி ஒரு ரைடர் கிடைத்தது உட்பட. “ரைடரு கெடக்கான்” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

இப்படித் தலைவாஸின் கவர்களைப் பற்றி நாங்கள் மணிக்கணக்காகப் பேசினோம். எங்கள் கவரைப் பற்றிப் பேசவில்லை. இடையில் வாத்தியார் காலமானார். அவருக்கு உண்மை தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எத்தனை காலை அந்தத் துண்டைக் கட்டிவிட்டவர், எந்தக் கை முதலில் இழுக்கும் என்று தெரியாமலா இருந்திருப்பார்? இழவு வீட்டில் அண்ணனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அன்றைக்கும் சொல்லவில்லை.

போன 2025 ஆகஸ்ட் கடைசி. சீசன் முடிகிற சமயம், மங்குஸ்தானும் கடைசி வரத்து. புது புரோ கபடி தொடங்கியிருந்தது. பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். 2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோன பிறகு போலீஸ் முன்னைவிடக் கண்டிப்பு. கடையில் ஆள் இல்லை. கோபுரம் அடுக்கியிருந்தது. அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“அண்ணே, அந்த ஃபைனல்ல நீங்க பொறுன்னுதான சொன்னிய?”

“எந்த ஃபைனல்ல?”

தெரியாத மாதிரிக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று புரியவில்லை. சொன்னேன். ஊர் பேர், சாரல், 27–26. நான் பாய்ந்தது. மேடைக்குப் பின்னால் நின்றது. ஹாஸ்டலில் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர் துணியால் ஒரு பழத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் நிமிர்ந்து, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்:

“என்னடே சொல்லுத? நான் பிடின்னுலா சொன்னேன்.”

“இல்லண்ணே. பொறுன்னு சொன்னிய. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

“மைக்குக்காரன் கத்துன கத்துல ஒனக்கு என்ன கேட்டுச்சோ. பிடின்னுதான் சொன்னேன். அவன் எடது கால ஊனி நின்னாம்லா? உடம்பு பூரா அந்தக் கால்ல இருந்துச்சு. அப்பப் பிடிக்கலன்னா வேற எப்பப் பிடிக்க? நீ சரியாத்தான் போன. நான் ஒரு எட்டு லேட்டு.” பலகையில் விரலால் கோடு போட்டார். “நான் இங்கன நின்னிருக்கணும். அங்கன நின்னேன். கால் வழுக்கும்னு பாத்துப் பாத்து வச்சேன் பாரு, அதுல ஒரு எட்டு போச்சு. இத்தன வருசமா இத நெனச்சுக்கிட்டுத்தான் கெடக்கேன், நீ என்னமோ புதுசாச் சொல்லுத.”

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும், பதின்மூன்று வருஷம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தில் அது இல்லை. ஆனால் மேடைக்குப் பின்னால், டார்ச் வெளிச்சத்தில், வாத்தியாரிடம் சொன்னபோதும் இதே முகம்தான் இருந்தது.

“அண்ணே...”

“சும்மா இருடே. தடைய எடுத்துட்டான் போல.”

ரோட்டில் ஈரத்துண்டும் பிளாஸ்டிக் குடமுமாகக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. யாரோ ஒரு குழந்தை, குளிக்க விடவில்லை என்று அழுதுகொண்டிருந்தது, இப்போது அருவியைப் பார்த்து ஓடியது. அண்ணன் கோபுரத்தை இரண்டு கையாலும் அணைத்துச் சரித்துப் பலகை முழுக்கப் பரப்பினார். ஒரு பழம் உருண்டு விளிம்பை நோக்கிப் போனது. நான் கையை நீட்டுவதற்குள் அவர் பிடித்துவிட்டார்.

“அந்தத் தராச இங்கிட்டு எடு” என்றார்.